சின்ன மீனுக்குப் பெரிய தொட்டி: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நியான், கார்டினல், ஸீப்ரா மாதிரி கூட்டமாகத் திரியும் குட்டி மீன்களைப் பற்றியவை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: பத்து லிட்டர் கண்ணாடிக் கிண்ணத்தில் எட்டு நியான் டெட்ரா விட்டோம். தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது. ஆனாலும் பன்னிரண்டு நாளில் ஆறு செத்துவிட்டன. கடைக்காரர் ‘அந்த லாட் நோஞ்சான், வேற எடுத்துட்டுப் போங்க’ என்கிறார். எடுக்கலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: எடுக்காதீர்கள். அடுத்த எட்டும் அதே பன்னிரண்டு நாளில்தான் போகும்.

மீன் செவுள் வழியாக அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கிறது. மிஞ்சிய தீவனமும் கழிவும் அழுகி இன்னும் கொஞ்சம் சேரும். இதற்கு நிறமில்லை. அதனால் தண்ணீர் பளிங்கு மாதிரி இருப்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. பழகிய தொட்டியில் ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் விஷம். மூன்றாவது, வாராவாரம் தண்ணீர் மாற்றினால் தொல்லை தராது. இந்த பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் மணலிலும் ஒட்டி வளர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். உங்கள் மீன்கள் அதற்கு முன்பே போய்விட்டன.

இன்னொன்று, பிஹெச் (தண்ணீரின் அமில, கார அளவு) 8 உள்ள தண்ணீரில் அம்மோனியாவின் விஷப்பகுதி பிஹெச் 7-ல் இருப்பதைப்போல் கிட்டத்தட்ட பத்து மடங்கு. நம் ஊர்ப் போர் தண்ணீர் பெரும்பாலும் காரப் பக்கம்தான். பக்கத்து வீட்டில் தாங்கிய மீன் உங்கள் வீட்டில் தாங்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மீன் சின்னதாக இருப்பதால் சின்னத் தொட்டி போதும் என்று நினைப்பதுதான் ஆரம்பத் தவறு. பத்து லிட்டரில் ஒரு சிட்டிகைத் தீவனம் அதிகமானாலே அம்மோனியா ஏறிவிடும். மதிய வெயிலில் சூடும் சட்டென்று ஏறும். குட்டி மீனுக்கு அந்த ஆட்டத்தைத் தாங்கும் உடம்பு கிடையாது. குறைந்தது இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் வேண்டும். விளிம்புவரை ஊற்றினால் 56 லிட்டர் பிடிக்கும். மணல் போட்டு மேலே இடம் விட்டால் 48 முதல் 50 லிட்டர் நிற்கும். எல்லாம் சேர்த்து 75 கிலோ எடை வரும் என்பதால் ஷோகேஸ் பலகை தாங்காது. சமமான ஸ்டாண்டு மேல் தெர்மாகோல் ஷீட் போட்டு வையுங்கள்.

தொட்டியைப் பழக்கும் முறை: மணல், ஸ்பாஞ்ச் ஃபில்டர், குளோரின் நீக்கிய தண்ணீர், செடி எல்லாம் வைத்து ஓட விடுங்கள். மீன் வேண்டாம். 50 லிட்டருக்கு 0.3 கிராம் அம்மோனியம் குளோரைடு போட்டால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா கிடைக்கும். நவச்சாரம் என்பதும் இதுதான். ஆனால் ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருக்கும் கட்டியில் வேறு என்னென்ன இருக்கும் என்று சொல்ல முடியாது, ஆய்வகத் தரத்தில் வாங்குங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் சொட்டு மருந்து டெஸ்ட் கிட்டால் பாருங்கள். அம்மோனியா பூஜ்யமானதும் அதே அளவு மறுபடி போடுங்கள். போட்ட 24 மணி நேரத்தில் இரண்டும் பூஜ்யமானால் தொட்டி தயார். முக்கால் பங்கு தண்ணீரை மாற்றி, மறுநாள் மீன் விடலாம். நோயில்லாத பழைய தொட்டியிலிருந்து ஒரு ஸ்பாஞ்ச் கிடைத்தால் ஆறு வார வேலை ஒரு வாரத்தில் முடியக்கூடும்.

மிச்சமிருக்கும் இரண்டு மீனுக்கு: தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள், தீவனம் ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் நகக்கண் அளவு. பிழைத்துக்கொண்டால் அவற்றின் கெட்டித்தனம்.

கேள்வி: எங்கள் போர் தண்ணீர் டிடிஎஸ் (கரைந்திருக்கும் மொத்த உப்பு) 900. டெட்ராவுக்கு மென்னீர் வேண்டும் என்கிறார்கள். முழுக்க ஆர்ஓ தண்ணீர் ஊற்றலாமா?
– வாசகர், சேலம்

பதில்: வேண்டாம். வெறும் ஆர்ஓ தண்ணீரில் கார்பனேட் இல்லை. ஃபில்டர் பாக்டீரியா அம்மோனியாவைத் தின்னத் தின்ன அமிலம் உண்டாகும். அதைத் தாங்கிப் பிடிப்பது கார்பனேட். அது இல்லாவிட்டால் ஒரு ராத்திரியில் பிஹெச் 6-க்குக் கீழே சரியும். அங்கே பாக்டீரியாவும் வேலையை நிறுத்திவிடும்.

கலந்து ஊற்றுங்கள். போர் 900, ஆர்ஓ 50, வேண்டியது 200 என்றால் 10 லிட்டருக்குப் போர் தண்ணீர் ஒன்றே முக்கால் லிட்டர், ஆர்ஓ எட்டே கால் லிட்டர். இன்றைக்கு 200, அடுத்த வாரம் 450 என்று இருக்கக் கூடாது. பண்ணையில் பொரித்த நியான் 300-ல்கூட நன்றாகவே வாழும். தாங்காதது ஏற்ற இறக்கத்தை. கலந்த தண்ணீரை மீட்டரில் பார்த்துவிட்டு ஊற்றுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

டிடிஎஸ் மீட்டர் கரைந்திருக்கும் மொத்த உப்பைத்தான் காட்டும், அது சுண்ணாம்பா சோடியமா என்று சொல்லாது. கடினத்தன்மைக்கும் கார்பனேட்டுக்கும் தனி டெஸ்ட் உண்டு. கலந்த தண்ணீரில் கார்பனேட் கடினம் இரண்டு மூன்று டிகிரிக்குக் (இது சூடு அல்ல, கடினத்தின் அலகு) குறையக் கூடாது. ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரை மிச்சம் பிடிக்கிறேன் என்று தொட்டியில் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். போரில் இருந்த உப்பு அதில் இன்னும் செறிந்திருக்கிறது. பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

மாநகராட்சி, காவிரித் தண்ணீர் பிடிக்கிறவர்களுக்குப் பிரச்சினை குளோரின். வாளியில் ஏர் ஸ்டோன் போட்டு ஒருநாள் வைத்தால் போய்விடும். அவசரத்துக்கு சோடியம் தயோசல்பேட்: 10 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்து வைத்து, 10 லிட்டருக்கு ஒரு மில்லி. மருந்தை வாளியில் கலக்கிவிட்டுத்தான் தொட்டியில் ஊற்ற வேண்டும்.

இந்தக் கணக்கெல்லாம் தலைவலி என்றால் கப்பி வளர்க்கலாம். 900 டிடிஎஸ்ஸை அது சட்டை செய்யாது.

கேள்வி: மே மாதம் தொட்டித் தண்ணீர் 32 டிகிரி காட்டுகிறது. நியான் வளர்க்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: கார்டினல் டெட்ரா வளருங்கள். இரண்டும் அமேசான் பக்கத்து மீன்கள்தான், அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். நியானுக்கு வயிற்றுக்குப் பின்பாதி மட்டும் சிவப்பு. கார்டினலுக்குத் தலையிலிருந்து வால்வரை சிவப்பு. நியான் 22 முதல் 25 டிகிரியில் சுகமாக இருக்கும். கார்டினல் பிரேசிலின் ரியோ நீக்ரோ ஆற்றுப் பக்கத்துச் சூடான, கறுத்த தண்ணீரில் வாழ்வது, 28 வரை சங்கடமில்லை. விலை கூடுதல்தான். வருஷத்துக்கு இரண்டு தடவை நியான் வாங்குவதைவிட மலிவு.

சூட்டைக் குறைக்க, தொட்டி விளிம்பில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் ஃபேனைத் தண்ணீர்ப் பரப்பைத் தொட்டு வீசும்படி சாய்த்து மாட்டுங்கள். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துப் போகும், இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மதுரை, சேலம் போன்ற வறண்ட காற்றில் நன்றாக வேலை செய்யும். சென்னை, நாகப்பட்டினம் புழுக்கத்தில் அவ்வளவு இறங்காது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தங்கிவிடும். எனவே குறைந்த அளவை ஆர்ஓ தண்ணீரால் நிரப்புங்கள், போர் தண்ணீரால் அல்ல. ஐஸ் கட்டி போடாதீர்கள். பத்து நிமிஷத்தில் நாலு டிகிரி இறங்குவது 32 டிகிரியைவிட மோசம்.

சூடு ஏறினால் தண்ணீரில் ஆக்ஸிஜனும் குறையும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம், 32-ல் 7.3. கோடையில் ஏர் பம்ப் இரவிலும் ஓடட்டும். இரவில் செடியும் ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: இரண்டடித் தொட்டியில் நியான் இரண்டு, ரம்மி நோஸ் இரண்டு, எம்பர் இரண்டு, செர்ரி பார்ப் இரண்டு, ஒரு ஏஞ்சல் வைத்திருக்கிறேன். ஏன் எதுவுமே கூட்டமாகப் போவதில்லை?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கூட்டமே இல்லையே!

இந்த மீன்களுக்குக் கூட்டம் என்பது ஒரு கவசம். துரத்துகிற பெரிய மீனுக்கு ஒரே மாதிரி முப்பது உடம்பு மின்னினால் எதைப் பிடிப்பதென்று குழம்பும். இரண்டு மட்டும் இருந்தால் நாள் முழுக்கப் பயந்து மூலையில் ஒண்டும், நிறம் வெளுக்கும், தீவனத்துக்கு வெளியே வராது. ஒரு இனத்தில் ஆறுக்குக் குறையக் கூடாது. பத்துக்கு மேல் போனால்தான் கண்ணுக்கு ஒரு நீச்சல் தெரியும்.

இரண்டடியில் ஒரே இனம் பதினைந்து, அல்லது கார்டினல் பத்தும் தரையில் மேயும் கோரிடோராஸ் ஆறும். கோரிக்கு மெல்லிய மணல் வேண்டும். கூரான ஜல்லியில் அதன் மீசை தேய்ந்துபோகும். எம்பர் டெட்ரா இரண்டு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால் அதில் இருபதுகூட விடலாம். ஏஞ்சலை இன்றைக்கே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். வாயில் நுழையும் அளவு நியான் அதற்கு இரை.

நெருக்கமாக, ஒரே திசையில் அணிவகுத்துப் போக வேண்டும் என்றால் ரம்மி நோஸுக்கு இணையில்லை. இன்னொரு லாபமும் உண்டு: தண்ணீர் கெட்டால் அதன் மூக்குச் சிவப்பு முதலில் வெளுக்கும். டெஸ்ட் கிட்டுக்கு முன் மூக்கே சொல்லிவிடும். செர்ரி பார்ப் இலங்கையின் தென்மேற்கு ஓடைகளில் மட்டும் இயற்கையாக இருக்கும் மீன். சாதுவானது, அழகானது, ஆனால் அணிவகுக்காது. அங்கொன்று இங்கொன்றாகத்தான் திரியும். நியான்களும் பயமில்லாத தொட்டியில் சற்று விலகி விலகியே நிற்கும். எந்நேரமும் இறுக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தால் எதற்கோ மிரள்கின்றன என்று அர்த்தம்.

கேள்வி: காலையில் லைட் போட்டதும் நியான்கள் நீலமே இல்லாமல் சாம்பலாகத் தெரிகின்றன. ஒன்றுக்கு முதுகில் வெள்ளைத் திட்டு வேறு இருக்கிறது.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: முதல் விஷயத்துக்குக் கவலை வேண்டாம். இருட்டில் நிறம் மங்குவது இயல்பு, அரை மணியில் திரும்பிவிடும். முதலில் அறை விளக்கு, பிறகு தொட்டி விளக்கு என்று போடுங்கள், மிரளாது.

இரண்டாவதை உற்றுப் பாருங்கள். உப்பைத் தூவியதுபோல் தோலுக்கு மேலே பொடிப்பொடியாக இருந்தால் வெள்ளைப் புள்ளி நோய், தீர்க்கலாம். சூட்டை மெதுவாக 30 டிகிரிக்கு ஏற்றிக் காற்றைக் கூட்டி, மாலகைட் கிரீன் கலந்த மருந்தைச் சீட்டில் போட்டதில் பாதி அளவு. டெட்ராக்கள் இந்த மருந்துக்குக் கூச்சமானவை. கடைசிப் புள்ளி உதிர்ந்த பிறகும் ஒரு வாரம் தொடருங்கள். மீன்மேல் ஒட்டியிருக்கும்போது மருந்து அந்தக் கிருமியை எட்டாது, உதிர்ந்து நீந்தும்போதுதான் கொல்லும்.

ஆனால் திட்டு சதைக்குள்ளே வெளுத்துத் தெரிந்து, நீலக்கோடு அந்த இடத்தில் அறுந்து, மீன் கூட்டத்தை விட்டு ஒதுங்கி, முதுகும் கோணினால் அது நியான் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். தசைக்குள் வளரும் நுண்ணிய ஒட்டுண்ணி அது. மருந்து கிடையாது. செத்த மீனை மற்றவை கடித்தால் அவற்றுக்கும் பரவும். அந்த மீனை உடனே பிரித்து எடுங்கள். இரக்கப்பட்டு ஒரு வாரம் பார்ப்போம் என்று விடுவதில்தான் முழுத் தொட்டியும் போகிறது.

கேள்வி: பாசியைத் தின்ன ஒரு சக்கர் மீன் விடலாமா?
– வாசகர், வேலூர்

பதில்: கடையில் விரல் நீளம் இருப்பது ஓரடிக்கு மேல் வளரும். அது பாசியில் தின்பதைவிடக் கழிவாகப் போடுவது அதிகம். பெரிதானதும் ஏரியில் விடாதீர்கள். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பரவி மீனவர் வலையைக் கிழிப்பது இப்படி விடப்பட்டவைதான். லைட்டை ஏழு மணி நேரமாகக் குறையுங்கள், பாசி தானே அடங்கும்.

கேள்வி: மின்வெட்டு நாலைந்து மணி நேரம் நீள்கிறது. போன தடவை கரண்ட் வந்து பார்த்தால் தரையெல்லாம் தண்ணீர்.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: தரையில் தண்ணீர் வந்த காரணம், ஏர் பம்பைத் தொட்டிக்குக் கீழே வைத்திருக்கிறீர்கள். காற்று நின்றதும் தண்ணீர் குழாய் வழியே கீழே இறங்கிவிட்டது. பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்டுங்கள், அல்லது குழாயில் ஒருவழி வால்வு போடுங்கள்.

அளவாக மீன் வைத்த 50 லிட்டர் தொட்டி நாலைந்து மணி நேரம் தாங்கும். நெரிசலான தொட்டியென்றால் கால் மணிக்கு ஒருமுறை ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு அரையடி உயரத்திலிருந்து ஊற்றுங்கள். அந்த நேரத்தில் தீவனம் வேண்டாம். சின்ன ஏர் பம்ப் நாலைந்து வாட்தான் இழுக்கும், வீட்டு இன்வெர்ட்டரில் சேர்த்துவிடலாம். ஸ்பாஞ்ச் ஃபில்டர் தொட்டிக்குள்ளேயே இருப்பதால் அதற்கு ஆபத்து குறைவு. தொட்டிக்கு வெளியே நிற்கும் மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் வைத்திருப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும்: மணிக்கணக்கில் நின்றால் உள்ளே தேங்கிய தண்ணீர் ஆக்ஸிஜன் தீர்ந்து நாறும். கரண்ட் வந்ததும் அதை அப்படியே தொட்டிக்குள் தள்ள விடாமல், கழற்றிக் கொட்டிவிட்டு, ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசி மாட்டுங்கள். குழாயடியில் அலசினால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்று, மறுபடி முதல் கேள்விக்குத் திரும்பவேண்டி வரும்.

கேள்வி: கூரியரில் வந்த மீன்களைப் பைத் தண்ணீரிலேயே வைத்து, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து இரண்டு மணி நேரம் பழக்கித்தான் விட்டேன். பாதி செத்துவிட்டது.
– வாசகர், ஈரோடு

பதில்: பக்கத்துக் கடையில் வாங்கி அரை மணியில் வீடு வருகிற மீனுக்குச் சொட்டு முறை சரி, முக்கால் மணி நேரம் போதும். ஒருநாள் பையில் கிடந்த மீனுக்கு அதுவே எமன். பைக்குள் மூச்சுவிட்ட கரியமில வாயு சேர்ந்து பிஹெச் இறங்கியிருக்கும். அதனால் சேர்ந்த அம்மோனியா அவ்வளவாகக் கடிக்காமல் இருந்திருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஹெச் ஏற, அதே அம்மோனியா விஷமாகும். நீங்கள் இரண்டு மணி நேரம் அதிலேயே ஊற வைத்துவிட்டீர்கள்.

அனுப்புகிறவரிடம் அவர் தண்ணீரின் டிடிஎஸ், பிஹெச் முன்கூட்டியே கேளுங்கள். இருபது லிட்டர் டப்பில் பழகிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட்டு, தண்ணீரை அந்த அளவுக்குக் கலந்து வையுங்கள். பையைத் திறக்காமல் இருபது நிமிஷம் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமமாக்கி, திறந்த உடனே வலையில் அள்ளி டப்பில் விடுங்கள். பைத் தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே போகக் கூடாது. மூன்று வாரம் அங்கேயே இருக்கட்டும். அதற்குள் வாரந்தோறும் கொஞ்சங்கொஞ்சமாக உங்கள் தொட்டித் தண்ணீருக்கு மாற்றிவிடலாம், நோய் இருந்தாலும் தெரிந்துவிடும். அந்த டப்பில் காய்ந்து உதிர்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்று போடுங்கள். தண்ணீர் டீ நிறமாகும், மிரண்ட மீன் அடங்கும். பூச்சிமருந்து அடிக்காத மரமாகப் பாருங்கள்.

கேள்வி: நியான் குஞ்சு பொரிக்க வைக்க ஆசை. எப்படித் தொடங்குவது?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: ஸீப்ரா டேனியோவில் தொடங்குங்கள். நியான் முட்டைக்கு மிக மென்னீரும் இருட்டும் வேண்டும், முதல் முயற்சிக்கு அது ஆகாது. ஸீப்ரா இந்திய மீன், நம் தண்ணீரில் சிரமப்படாது.

பத்து லிட்டர் டப்பின் அடியில் கோலிக்குண்டுகளை இரண்டு வரிசை பரப்புங்கள். தாய் தகப்பன் தின்னாமல் முட்டை அந்த இடுக்கில் விழுந்துவிடும். தண்ணீர் ஒரு சாண் உயரம் போதும், சூடு 28 டிகிரி. வயிறு பருத்த பெண் ஒன்று, ஒல்லியான ஆண் இரண்டு, பொழுது சாய்ந்ததும் விடுங்கள். விடிந்து வெளிச்சம் பட்டதும் துரத்தல் தொடங்கும். மதியத்துக்குள் பெரிய மீன்களை எடுத்துவிடுங்கள். வெள்ளையாகப் பூஞ்சை பிடித்த முட்டைகளைச் சொட்டுக்குழாயால் உறிஞ்சி எடுங்கள். இரண்டு மூன்று நாளில் பொரித்து, குஞ்சுகள் கண்ணாடித் துணுக்குகள் மாதிரி சுவரில் ஒட்டியிருக்கும். அப்போது தீவனம் கூடாது, மஞ்சள் கரு பையே உணவு. ஐந்தாம் நாள் வாக்கில் நீந்தத் தொடங்கியதும் இன்ஃபுசோரியா என்னும் நுண்ணுயிர்த் தீவனம். இதைத் தயாரிக்க, ஒரு பாட்டில் பழைய தொட்டித் தண்ணீரில் கைப்பிடி காய்ந்த வைக்கோலோ கீரைத் தண்டோ போட்டு நாலைந்து நாள் முன்பே நிழலில் வைத்திருக்க வேண்டும். கலங்கல் தெளிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் தூசு நகர்வதுபோல் தெரிந்தால் தயார். தினம் இரண்டு வேளை சில சொட்டு.

பத்து நாள் ஆனதும் ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்க் குட்டி இறாலின் குஞ்சு. ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் கல் உப்பு, கால் டீஸ்பூன் ஆர்ட்டீமியா முட்டை, அடியிலிருந்து காற்று, மேலே விளக்கு. 24 முதல் 30 மணி நேரத்தில் பொரிக்கும். காற்றை நிறுத்தி, விளக்கைக் கீழ்ப்பக்கம் வைத்தால் ஓடுகள் மேலே மிதக்கும், ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் கீழே வெளிச்சத்தை நோக்கிச் சேரும். குழாயால் உறிஞ்சி, மெல்லிய துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டுப் போடுங்கள். ஓடு கலந்து போனால் குஞ்சு மீனின் குடல் அடைத்துக்கொள்ளும்.